ஐம்பது கதிரை, ஒரு மணித்தியாலம்

சென்ற இதழில், ஓகஸ்ட் மாதம் ஸ்கொட்லாந்துப் பக்கம் போகிறவர்கள் எடின்பரோக் கோட்டையோடு திரும்பிவிடாமல் அங்கே நடக்கிற ஃபிரிஞ்ச் என்கிற கலைவிழாவில் இரண்டு மூன்று சின்ன நாடகமும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். இந்தமுறை வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான். காணிச் சண்டை, கலியாணச் சண்டைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இன்றைக்கு நாடகத்தை மட்டும் எடுக்கிறேன். காணி எங்கேயும் ஓடிவிடாது.

கேள்வி: அக்கா, என்னுடைய அண்ணா கிளாஸ்கோவில் இருக்கிறார். ஓகஸ்டில் அவரோடு ஒரு மாதம் நிற்கப் போகிறேன். ஃபிரிஞ்ச் பட்டியலைத் திறந்தால் தலை சுற்றுகிறது, ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. இதில் நல்லதை எப்படித் தேடுவது? அண்ணா சொல்கிறார், ரிவியில் வருகிற ஒருவரின் நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் போனால் காசு வீண்போகாது என்று.
வாசகி, கோண்டாவில்

பதில்: அண்ணாவோடு சண்டை பிடிக்க வேண்டாம் தங்கச்சி. ஒன்றுக்கு அவர் சொல்கிற இடத்துக்கே போங்கள், ரிக்கெற் காசும் அவர்தானே கட்டப்போகிறார். மிச்சத்துக்கு நீங்கள் அவரை இழுத்துக்கொண்டு போங்கள். ரிவியில் வருகிற ஆளை ரிவியிலேயே பார்க்கலாம். பேர் தெரியாத ஒரு பெட்டை உங்களுக்கு நாலு அடி முன்னால் நின்று, ஒரு கதிரையையும் ஒரு சூட்கேசையும் வைத்துக்கொண்டு, ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு குடும்பத்தையே நடித்துக் காட்டுவதை எந்த ரிவியிலும் பார்க்க முடியாது.

பட்டியல் பெரிசுதான். 2019இல் 3,800க்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடந்தன. அதை முழுக்க வாசித்துத் தெரிவு செய்ய வெளிக்கிட்டால் விழா முடிந்துவிடும். நல்லூர்த் திருவிழா மாதிரி இதுவும் ஏறத்தாழ 25 நாள் நடப்பது, இதுவும் ஓகஸ்டில்தான். தேரன்றைக்கு மட்டும் போய்ச் சனத்துக்குள் நசிபட்டுவிட்டு வருகிறவருக்கு ஏழாம் எட்டாம் திருவிழாப் பின்னேரத்தில் வீதியில் மணலுக்குள் இருந்து கடலை கொறிக்கிற சுகம் தெரியாதல்லவா, இங்கேயும் பெரிய பேர்களுக்குப் பின்னால் ஓடுகிறவர்களுக்கு அதே கதைதான்.

ஆகவே நாடகத்தைத் தேடாமல் முதலில் இடத்தைத் தேடுங்கள். அங்கே ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குணம் இருக்கிறது. ட்ரவேர்ஸ் 1963இல் தொடங்கிய அரங்கு, புதிதாக எழுதப்பட்ட நாடகங்களுக்குப் பேர்போனது, எழுத்து நன்றாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறவர்கள் அங்கே போகலாம். சமர்ஹோல் முன்பு மிருக வைத்தியக் கல்லூரியாக இருந்த கட்டடம். மாட்டையும் குதிரையையும் வெட்டிப் படித்த கூடங்களில் இப்போது நாடகம் நடக்கிறது, வித்தியாசமானதைத் தேடுகிறவர்கள் அங்கே போவார்கள். கௌகேற் தெருவில் இருக்கிற அண்டர்பெல்லி நிலவறை மாதிரி, கல் வளைவுகளுக்குக் கீழே ஈரமணத்தோடு இருக்கும், வெளியில் வெயில் எறித்தாலும் உள்ளே சுவர் வேர்த்திருக்கும். பின்னேரம் ஒரு இடத்தில் போய் இறங்குங்கள். அங்கே அடுத்தடுத்து என்ன நடக்கிறது என்று பாருங்கள், பக்கத்தில் வரிசையில் நிற்கிறவரிடம் இன்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பத்திரிகை விமர்சனம் எல்லாவற்றையும்விட வரிசையில் நிற்கிற சனம் சொல்வது சரியாக இருக்கும், அவர்கள் தங்கள் காசில் பார்த்தவர்கள்.

சுவரொட்டிகளில் நட்சத்திரங்களாகக் கிடக்கும். ஐந்து நட்சத்திரம் என்று போட்டிருந்தால் அதற்குக் கீழே யார் கொடுத்தது என்று சின்ன எழுத்தில் இருப்பதையும் வாசியுங்கள். ரோயல் மைல் தெருவில் நடந்தால் பத்து அடிக்கு ஒருவர் துண்டுப்பிரசுரம் நீட்டுவார். கையை மடக்கிக்கொண்டு போகாமல் வாங்கி, "நீங்களும் நடிக்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஓமென்றால், கதை என்ன என்று இரண்டு வசனத்தில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு வசனத்தில் சொல்லக்கூடியவரின் நாடகம் பெரும்பாலும் ஏமாற்றாது. கூலிக்கு நோட்டீஸ் கொடுக்கிற பெடியன் என்றால் அவனுக்கும் கதை தெரியாது, சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பெரும்பாலான நாடகங்கள் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். காரணம், ஒரே அறையில் காலையிலிருந்து நள்ளிரவு தாண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக நாடகம். ஒரு குழு முடித்துச் சாமானை அள்ளிக்கொண்டு பின்கதவால் போக, அடுத்த குழு முன்கதவால் மேசையைத் தூக்கிக்கொண்டு வரும், நடுவில் கிடைப்பது சில நிமிடங்கள். அதனால்தான் அங்கே காட்சியமைப்பு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு போர்வை கடலாகும், அதே போர்வை பிறகு குழந்தையாகும். எனக்கு அதுதான் பிடித்தம்.

முதல் சில நாட்களில் முன்னோட்டக் காட்சிகள் என்று ரிக்கெற் விலையைக் குறைத்துக் கொடுப்பார்கள். அனுமதி இலவசம், முடிவில் வாளியில் அல்லது தொப்பியில் விரும்பியதைப் போடுங்கள் என்கிற நிகழ்ச்சிகளும் ஏராளம். இலவசம் என்றதும் நழுவி வந்துவிடாதீர்கள், அந்த வாளிக் காசில்தான் அவர் இரவுச் சாப்பாடு சாப்பிடுவார்.

ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். நகரம் முழுக்க மேடும் பள்ளமும் படிக்கட்டும், ஒரு மண்டபத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடினால் நாடகம் மனதில் நிற்காது, முழங்கால் வலிதான் நிற்கும். மூன்றில் இரண்டை முன்கூட்டிப் பதியுங்கள். மூன்றாவதைச் சும்மா விடுங்கள்: நீங்கள் நிற்கிற இடத்துக்குக் கிட்ட, அடுத்த இருபது நிமிடத்துக்குள் தொடங்கப்போகிற எதுவோ அது. சில நாள் சரியான அறுவையாக இருக்கும். இருந்தால் என்ன, ஒரு மணித்தியாலம்.

ஓகஸ்டில் அங்கே தங்குமிட வாடகை கொள்ளை விலை. அண்ணா கிளாஸ்கோவில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், ரயிலில் ஏறத்தாழ 50 நிமிடம்தான். ராத்திரி நாடகம் பதிய முதல் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். குடையை விட்டுவிட்டு மழைக்கோட்டு கொண்டு போங்கள், அங்கத்தைய காற்றுக்குக் குடை நிற்காது.

கேள்வி: பிள்ளை, தெரிவுக்குழு என்று ஒன்றே இல்லாத விழாவாம். வந்தவன் போனவன் எல்லாம் மேடை ஏறலாமாம். அப்படியானால் தரம் என்று ஒன்று எப்படி இருக்கும்? நாங்கள் படித்த காலத்தில் நாடகம் என்றால் ஒரு ஒழுங்கு இருந்தது.
ஓய்வுபெற்ற ஆசிரியர், மானிப்பாய்

பதில்: மாஸ்ரர், நீங்கள் கேட்டது சரிதான், குப்பையும் வரும். நிறைய வரும். அதை ஒளிக்கத் தேவையில்லை.

ஆனால் அது தொடங்கிய விதத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து 1947இல் எடின்பரோவில் பெரிய சர்வதேசக் கலைவிழா ஒன்று வைத்தார்கள். அதற்கு அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள், ஆறு ஸ்கொட்லாந்துக் குழுவும் இரண்டு இங்கிலாந்துக் குழுவும், கேட்காமலே வந்து தாங்களாக இடம் பிடித்து நடித்துவிட்டுப் போயின. ஒரு குழு எடின்பரோவில்கூட இல்லை, கடல்வாய்க்கு அந்தப் பக்கம் டன்ஃபேர்ம்லின் தேவாலயத்தில் நடித்தது. அழைப்பு இல்லாமல் வந்தவர்கள் தொடக்கி வைத்த விழாவில் யாரை உள்ளே விடுவது என்று யார் தீர்மானிப்பது? 1958இல் ஃபிரிஞ்ச் சங்கம் அமைந்தபோதும் நிகழ்ச்சிகளைத் தெரிவு செய்வதில்லை என்பதையே கொள்கையாக வைத்தார்கள். ஓர் இடத்தைப் பிடித்து, பதிவுக் காசைக் கட்டினால் நீங்களும் நடிக்கலாம்.

அந்தக் குப்பைக்குள்ளிருந்துதான் 1966இல் ஷேக்ஸ்பியரின் ஹம்லெட்டில் வருகிற இரண்டு சின்னப் பாத்திரங்களை நாயகராக்கி ரொம் ஸ்டொப்பார்ட் எழுதிய நாடகம் ஒரு மாணவர் குழுவின் நடிப்பில் வெளிவந்தது. 2013இல் ஃபீபி வோலர்-பிரிட்ஜ் தனி ஒருத்தியாக, மேலே சொன்ன அண்டர்பெல்லியில் நடித்த ஃப்ளீபாக் பிறகு உலகம் பார்த்த தொலைக்காட்சித் தொடரானது. ஒரு தெரிவுக்குழு இருந்திருந்தால் இவற்றைத் தள்ளியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. கேட்டு நிற்கவேண்டிய தேவை இல்லாமல் போனதே பெரிய விஷயம் என்கிறேன்.

தரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் என் பதில் வேறு. அங்கே ஒரு குழு வந்தால் ஒரே நாடகத்தை நாளுக்கு ஒருமுறை, இருபது நாளுக்கு மேல் நடிக்கும். முதல் நாள் பத்துப் பேர் இருப்பார்கள், சிரிக்கவேண்டிய இடத்தில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். நாலாம் நாள் அந்த வசனத்தை வெட்டுவார்கள். பத்தாம் நாள் ஒரு மௌனத்தை இன்னும் இரண்டு விநாடி நீட்டலாம் என்று நடிகைக்குப் பிடிபடும். அப்படியே நாடகம் வளரும். நாங்கள் என்ன செய்கிறோம்? தமிழ்த்தினப் போட்டிக்கு மூன்று மாதம் பிள்ளைகளைப் போட்டுப் பழக்கி, நடுவர்களுக்கு முன்னால் ஒருமுறை நடித்து, கேடயத்தை அதிபரின் அறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதை என்பது எங்களுக்காகவே சொன்னது. நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திர நாடகத்தின் மயான காண்டத்தில் அப்படி நின்று பாடினார் என்று உங்கள் தலைமுறை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறது. அவர் அதை எத்தனை ஊர்க் கொட்டகையில், எத்தனை ராத்திரி பாடினார் என்பதையும் சேர்த்து நினையுங்கள். எந்தத் தெரிவுக்குழு அவருக்கு அந்தக் குரலைக் கொடுத்தது?

இதில் கசப்பும் உண்டு. மண்டப வாடகை, தங்குமிடம், பதிவுக் காசு எல்லாம் போக, பெரும்பாலான சின்னக் குழுக்கள் நட்டத்தோடுதான் ஊர் திரும்புகின்றன. யாரும் வரலாம் என்ற கதவு திறந்துதான் கிடக்கிறது, ஆனால் வருவதற்குக் கையில் காசு வேண்டும். அந்தக் குறையை அங்கே உள்ளவர்களே வருடாவருடம் எழுதிச் சண்டை பிடிக்கிறார்கள்.

கேள்வி: என் இங்கிலீஷ் அவ்வளவு காணாது. இதற்கெல்லாம் போய் இருந்தால் ஒன்றும் விளங்குமா?
வாசகர், பருத்தித்துறை

பதில்: ஸ்கொட்லாந்துக்காரர் வேகமாகக் கதைத்தால் இங்கிலாந்துக்காரருக்கே பாதிதான் விளங்கும், நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேச்சுக் குறைந்த நாடகங்களாகத் தொடங்குங்கள்: ஊமம் (பேசாமல் நடிப்பது), பொம்மலாட்டம், உடலசைவு நாடகம், சர்க்கஸ். பட்டியலிலேயே அப்படிப் பிரித்துப் போட்டிருப்பார்கள். கிட்ட இருந்து பார்க்கிறபோது முகம் பாதிக் கதையைச் சொல்லிவிடும். நகைச்சுவைப் பேச்சு நிகழ்ச்சியைக் கடைசிக்கு வையுங்கள், அதில் உள்ளூர் அரசியல் தெரியாமல் இருந்தால் எல்லாரும் சிரிக்க நீங்கள் மட்டும் முழிப்பீர்கள்.

கேள்வி: முன்வரிசையில் இருந்தால் மேடைக்கு இழுத்துவிடுவார்களாமே? எனக்கு அந்தப் பயத்திலேயே வியர்க்கிறது.
வாசகி, சுன்னாகம்

பதில்: நகைச்சுவை நிகழ்ச்சி என்றால் முன்வரிசை ஆபத்துத்தான், எங்கே இருந்து வருகிறாய், என்ன வேலை என்று பிடித்துக்கொள்வார்கள். நாடகம் என்றால் பெரும்பாலும் இல்லை. மூன்றாம் வரிசையில் ஓரக் கதிரை பிடியுங்கள், முழுக்கப் பின்னுக்குப் போகவேண்டாம், போனால் கிட்ட இருந்து பார்க்கிற பலனே இல்லை. அப்படியும் ஒருவர் கை நீட்டினால் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டுங்கள். அனுபவம் உள்ள நடிகர் அடுத்தவரிடம் போய்விடுவார்.

கேள்வி: அக்கா, நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். ரொறன்ரோ ஃபிரிஞ்சுக்கு நண்பர்களோடு போனோம், ஐந்து நிமிடம் பிந்தியதற்கு உள்ளே விடவில்லை. காசு போனது. இன்னொரு நாடகம் சரியான மோசம், நடுவில் எழும்பி வரவும் ஏலாமல் இருந்தோம். இப்படியான இடத்தில் எழும்பிப் போகலாமா?
வாசகர், கனடா

பதில்: பிந்தினதுக்கு நான் உங்கள் பக்கம் இல்லை தம்பி. 1989இல் தொடங்கிய ரொறன்ரோ ஃபிரிஞ்ச், பிந்தி வருகிறவர்களை விடாத கண்டிப்புக்குப் பேர்போனது. ஐம்பது பேர் இருக்கிற அறையில் இருட்டுக்குள் ஒருவர் தட்டித் தடவிக் கதிரை தேடினால் நடிகர் உட்பட எல்லாரும் அவரைத்தான் பார்ப்பார்கள். ஏழு மணி என்று அட்டையில் போட்டு எட்டரைக்கு மேளம் கேட்கிற எங்கள் வழக்கத்தை அங்கேயும் கொண்டுபோனால் வாசலில்தான் நிற்கவேண்டும்.

அங்கே குழுக்களைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள், எடின்பரோ மாதிரி வந்தவர் எல்லாருக்கும் இடம் இல்லை, ஆனால் நல்லது கெட்டது பார்த்துத் தெரிவு செய்வதும் இல்லை. வட அமெரிக்காவில் முதன்முதல் 1982இல் எட்மன்டனில் தொடங்கிய ஃபிரிஞ்ச் வழக்கம் பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவியது. ஆகவே மோசமான நாடகம் அகப்படுவது கணக்கில் சேர்ந்த ஒன்று.

எழும்பிப் போவது பற்றி: முந்நூறு பேர் மண்டபம் என்றால் விளக்கு அணைகிற இடத்தில் மெல்ல நழுவலாம். முப்பது பேர் அறையில் நீங்கள் மூன்று நண்பர்கள் எழும்பினால் பத்தில் ஒரு பங்கு சனம் எழும்பிப் போகிறது. வெளியே போகிற கதவும் பல இடங்களில் மேடைக்குப் பக்கத்தால்தான் இருக்கும், நடிகரின் தோளில் இடித்துக்கொண்டு போகவேண்டி வரும். உடம்புக்கு ஏலாமல் வந்தால் போங்கள், மற்றப்படி இருங்கள். மோசமான நாடகத்தில் பார்க்கவும் ஒன்று இருக்கிறது: எந்த இடத்தில் கைவிட்டுப் போனது என்று பிடியுங்கள். பிறகு மூன்று பேரும் ரிம் ஹோர்ட்டன்ஸில் கோப்பியோடு இருந்து அதை வைத்து ஒரு மணித்தியாலம் கிழிக்கலாம். நல்ல நாடகத்துக்கு அவ்வளவு கதை வராது.

கேள்வி: நாங்கள் சின்ன வயதிலிருந்து கூத்துப் பார்த்து வளர்ந்த சனம். பாசையூரிலும் குருநகரிலும் நாட்டுக்கூத்து என்றால் ஊரே திரளும். வெள்ளைக்காரன் அறைக்குள் ஐம்பது கதிரை போட்டு நடிப்பதில் எங்களுக்கு என்ன புதுமை?
வாசகர், குருநகர்

பதில்: ஐயா, உங்களுக்குப் புதுமை குறைவுதான். அதுதான் உங்களை அங்கே அனுப்ப எனக்கு விருப்பம்.

காத்தவராயன் கூத்தை ஒரு அம்மன் கோயில் வீதியில் விடிய விடியப் பார்த்த ஆட்களுக்குத் தெரியும். ஆரியமாலா வேடக்காரர் கொட்டகைக்குப் பின்னால் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மீசை எடுத்த முகத்தில் அரிதாரம் வடிய, பிளேன்ரீ குடித்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் நிற்கிற பெடியள் அவரைக் கேலி பண்ணுவார்கள், அவரும் திருப்பி ஒன்று சொல்லுவார். ஆர்மோனியம் எடுத்ததும் கோப்பையை மதிலில் வைத்துவிட்டு இரண்டு எட்டு வைப்பார், அவ்வளவுதான், அதே பெடியளின் வாய் மூடிவிடும். பாய் விரித்துப் படுத்திருந்த ஆச்சி எழும்பி இருந்து மூக்கைத் துடைப்பா. அந்த இரண்டு எட்டுத்தான் விஷயம். அதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவருக்கு, பெரிய மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்று வசனம் பேசுகிற நாடகம் ஏன் பிடிக்காமல் போகிறது என்று நான் விளக்கத் தேவையில்லை.

எடின்பரோ நிலவறையில் நடப்பதும் அந்த இரண்டு எட்டை நம்பித்தான். ஒரு வித்தியாசம் உண்டு, கூத்தில் கதை எல்லாருக்கும் தெரியும், காத்தவராயன் கழுவேறுவான் என்று தெரிந்துதான் விடிய மட்டும் இருக்கிறோம். அங்கே கதையும் தெரியாது, நடிகரும் தெரியாது. தெரியாத ஒன்றுக்குக் காசு கொடுத்து உள்ளே போகிற பழக்கம் எங்களிடம் குறைவு.

கூத்தைச் சுருக்கலாமா என்ற சண்டையும் எங்களுக்குப் பழையது. விடிய விடிய ஆடியதை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேடைக்கு ஏற்றபடி சுருக்கி எடுத்தபோது, சிலர் அதைக் கொண்டாடினார்கள், சிலர் கூத்தின் உயிர் அது ஆடுகிற வட்டக் களரியோடு போய்விட்டது என்றார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. எனக்கு விடிய விடியப் பார்க்கத்தான் ஆசை, என் இடுப்புத்தான் ஒரு மணித்தியாலப் பக்கம் சாய்கிறது.

கேள்வி: நாங்கள் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கிற ஏழு பேர். ஃபிரிஞ்ச் மாதிரி ஒன்றை இங்கே மூன்று நாள் செய்து பார்க்க யோசிக்கிறோம். வீரசிங்கம் மண்டபம் எடுக்கலாமா, பிரதம விருந்தினராக யாரைக் கூப்பிடலாம் என்று ஆலோசனை தாருங்கள் அக்கா.
மாணவர்கள், திருநெல்வேலி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: ஒருவரையும் கூப்பிடாதீர்கள். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, பொன்னாடை, நன்றியுரை. இவ்வளவும் முடிய நாடகம் தொடங்கும்போது சனம் கொட்டாவி விடும், முன்வரிசைச் சோபாக்களில் இருந்தவர்கள் இன்னொரு நிகழ்வுக்குப் போகவேண்டும் என்று எழும்பிவிடுவார்கள், நடிகர்கள் வெறும் சோபாவுக்கு முன்னால் நடிப்பார்கள். நீங்கள் எல்லாரும் பார்த்த காட்சிதான் இது. விளக்கை அணையுங்கள், தொடங்குங்கள். அந்த ஒன்றைச் செய்தாலே யாழ்ப்பாணத்தில் புரட்சி.

வீரசிங்கம் மண்டபம் வேண்டாம். ஐம்பது பேரை அதற்குள் விட்டால் சனமே வரவில்லை என்ற தோற்றம் வரும், அதே ஐம்பது பேரை ஒரு நாற்சார் வீட்டில் இருத்தினால் நிறைந்து வழியும். யோசித்துப் பாருங்கள், நடுமுற்றம் மேடை, நாலு பக்க விறாந்தையும் பார்வையாளருக்கு, தூணுக்குப் பின்னால் நின்று வேடம் மாற்றலாம், அறைக் கதவுகள் நாலும் வருவதற்கும் போவதற்கும். இந்த அமைப்பைக் காசு கொடுத்துக் கட்டுவிக்க முடியாது, எங்கள் ஆட்கள் கட்டி வைத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள், பூட்டிக் கிடக்கிறது. கோண்டாவில், மானிப்பாய், வண்ணார்பண்ணை என்று தேடினால் திறப்பு வைத்திருக்கிற ஒரு பெரியம்மா கட்டாயம் அகப்படுவா. வீட்டைக் கூட்டித் துடைத்துத் தருவோம் என்று சொல்லுங்கள், அதுதான் வாடகை. முற்றத்துக்குள் மழை இறங்கும் என்பதால் ஐப்பசி கார்த்திகையில் வைக்காதீர்கள். முன்னுக்குப் பாய், நடுவில் வாங்கு, பின்னால் கதிரை, இந்த ஒழுங்கில் போட்டால் ஒருவரும் ஒருவரை மறைக்கமாட்டார்கள். வெளியே போக இரண்டு வழி எப்போதும் திறந்திருக்கட்டும், வயர்களை நடக்கிற பாதையில் இழுக்கவேண்டாம். ஒலிவாங்கி தேவையே இல்லை.

மூன்று நாளில் ஒன்பது நாடகம் போடலாம் என்று உங்களுக்கு ஆசை வரும். வேண்டாம். மூன்று நாடகத்தை எடுத்து ஒவ்வொன்றையும் மூன்று முறை நடியுங்கள். முடிந்தால் அடுத்த வாரம் வேறு ஊரில் இன்னும் மூன்று முறை. மாஸ்ரருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், திரும்பத் திரும்ப நடிக்காமல் நாடகம் முற்றாது. இது எங்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. இங்கே 1978இல் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கி நடிகர்களை முறையாகப் பழக்கினார்கள். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய மண் சுமந்த மேனியர் 1985இல், வெளியில் போனால் திரும்பி வருவோமா என்று தெரியாத காலத்தில், ஊர் ஊராகப் போய் நடிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் முடிந்தது இப்போது முடியாது என்றால் நம்புவது கஷ்டம்.

நேரம் முக்கியம். ஏழு மணிக்கு வைத்தால் பஸ் இல்லை, பெட்டைப் பிள்ளைகளை வீட்டில் விடவும் மாட்டார்கள். மூன்றுக்கு ஒன்று, நாலரைக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 45 நிமிடம். சனி ஞாயிறு என்றால் ரியூசனோடு மோதவேண்டி வரும், ரியூசன்தான் எங்கள் ஊரின் உண்மையான பிரதம விருந்தினர், அதை மட்டும் பகைக்காதீர்கள். பக்கத்து ரியூசன் வகுப்பு எத்தனை மணிக்கு விடுகிறது என்று பார்த்து, அதிலிருந்து இருபது நிமிடம் தள்ளித் தொடங்கினால் சைக்கிளோடு அப்படியே வருவார்கள்.

இலவசமாக வைக்காதீர்கள். ஒரு கொத்துரொட்டிக் காசு வாங்குங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி. உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் எடுக்கிற பிள்ளைகள் ஜேர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் பற்றி நாலு பக்கம் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள், காசு கொடுத்து ஒரு நாடகம் பார்த்தவர்கள் அதில் எத்தனை பேர் என்று கேட்டுப்பாருங்கள். அவர்கள்தான் உங்கள் முதல் சனம், அவர்களின் ஆசிரியர்களிடம் நேரே போய்ச் சொல்லுங்கள். முகநூலில் சுவரொட்டி போட்டால் லைக் விழும், ஆள் வராது.

இன்னொன்று. வேறொருவர் எழுதிய நாடகம் என்றால் எழுதியவரிடமோ குடும்பத்திடமோ கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் பெரும்பாலும் சந்தோசமாகத் தருவார்கள், கேட்காமல் எடுத்துத்தான் மனக்கசப்பு வருகிறது. அப்புறம், சான்றிதழும் கேடயமும் கொடுக்கவேண்டாம், அந்தக் காசுக்கு இரண்டு நல்ல விளக்கு வாங்கலாம்.

கேள்வி: நாடகம் முடிந்ததும் நடிகர் வாசலில் நிற்பாராம். அவரிடம் என்ன சொல்வது? நன்றாக இருந்தது என்று சொன்னால் போதுமா? பிடிக்காவிட்டால்?
வாசகி, நல்லூர்

பதில்: "நன்றாக இருந்தது" என்பதை அவர் ஐம்பது பேரிடம் கேட்டுவிடுவார், ஒன்றும் ஏறாது. ஒரு இடத்தைக் குறித்துச் சொல்லுங்கள்: அம்மாவின் செருப்பைக் கையில் எடுத்த இடம், கதவைத் திறக்காமல் நின்ற இடம் என்று. உங்களுக்கு விளங்காத இடம் இருந்தால் அதையும் கேட்கலாம், சண்டை பிடிக்காமல். பிடிக்காவிட்டால் நேரில் பொய் சொல்லவேண்டாம், வந்ததற்குச் சந்தோசம், நாளைக்கும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நகருங்கள். பிடித்திருந்தால் அன்றிரவே மூன்று பேருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், அடுத்த காட்சி எங்கே எத்தனை மணிக்கு என்பதோடு சேர்த்து. செல்பி கேட்கிறவர்கள் அவருக்கு முதலில் ஒரு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், தொண்டை வரண்டிருக்கும்.